பாலாடைக்கட்டியும் பழமும்: ஒரு விருந்துத் தட்டின் வரலாறு

மேனாட்டு இல்லங்களில், சிறப்பாக அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நவம்பர்த் திங்களில் வரும் நன்றியறிதல் நாள் தொடங்கிப் புத்தாண்டு முடிய விருந்துக் காலமாகும். உற்றாரும் நண்பரும் கூடும் அந்நாட்களில், பெருவிருந்து பரிமாறப்படுவதற்கு ஒரு நாழிகை முன்னரே ஒரு தட்டு நடுக்கூடத்திற்கு வந்துவிடும். உள்ளங்கையினும் சற்றே அகன்ற வட்டமான பாலாடைக்கட்டி ஒன்று அதன் நடுவே இருக்கும். அன்றாடப் பேச்சில் 'சீஸ்' எனப்படுவதே பாலாடைக்கட்டியாகும். அதனை முழுதாகவே சூட்டடுப்பிலிட்டு எடுத்திருப்பர். வெண்ணிற மேற்றோல் கட்டுக் குலையாது நிற்க, உள்ளீடு மட்டும் உருகிக் கூழாகியிருக்கும். அதன்மேல் கிரான்பெரிப் பழப்பாகோ, அரிந்த அத்தியோ, தேனில் வதக்கிய ஆப்பிளோ, பேரியோ பெய்யப்பட்டிருக்கும். வந்தோர் நின்றவாறே உரையாடிக்கொண்டு, ரொட்டித் துண்டால் அதனை வழித்து உண்பர்.

பிரெஞ்சு நாட்டின் பிரீ என்னும் நிலப்பகுதியின் பெயரை அப்பாலாடைக்கட்டி தாங்கியிருத்தலின், இவ்வுணவும் பிரெஞ்சு மக்களின் தொன்மரபே என்று எண்ணத் தோன்றும். ஆராய்ந்து நோக்குவார்க்கு உண்மை வேறாகப் புலப்படும். இத்தட்டு இன்றைய வடிவம் பெற்றது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்க மண்ணிலேயாம். ஆயினும் பாலாடைக்கட்டியைச் சுட்டு, இனிப்புச் சேர்த்துச் சூட்டோடு உண்ணும் வழக்கமோ ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையே கிடப்பது வெறும் சமையல் வரலாறு அன்று. பாலைக் கறந்தவர் யார், அதனைக் கட்டியாக்கியவர் யார், சுவைக்கும் உரிமை பெற்றவர் யார் என்னும் வினாக்களுக்கு விடை தரும் வரலாறு அது.

பால் கட்டியாகும் வகை

பால் விரைவிற் கெடும் பொருள். அதனைக் காக்க ஒவ்வொரு நாட்டாரும் ஒவ்வொரு வழி கண்டனர். வெப்பம் மிகுந்த தமிழகத்தில் பாலைத் தயிராக்கிக் கடைந்து, வெண்ணெய் எடுத்து, நெய்யாக உருக்கி வைத்தனர். குளிர் மிகுந்த ஐரோப்பாவிலோ பாலைத் திரையச் செய்து, நீரை வடித்து, உப்பிட்டுத் திங்கட் கணக்கில் முதிரவிட்டனர். ஓமரின் ஒடிசிக் காப்பியத்தில், ஒற்றைக்கண் அரக்கன் பொலிபீமசு தன் ஆடுகளைக் கறந்து, பாலிற் பாதியைத் திரைத்துக் கூடைகளில் வடியவைக்கும் காட்சி வருகிறது. அக்காப்பியக் காலத்திற்கு முன்பே இத்தொழில் கிரேக்க இடையர் கைவந்ததாயிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

பாலுண்ணும் இளங்கன்றின் இரைப்பையில் ஊறும் ஒருவகை நொதிக்குப் பாலை உறைய வைக்கும் ஆற்றல் உண்டு. அந்நொதியால் உறைந்த கட்டியில், பாற்புரதங்கள் சுண்ணாம்புச் சத்தினால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். சூடேறும்போது கொழுப்பு உருகும், பிணைப்புத் தளரும், கட்டி இளகி ஓடும். மாறாக, கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறு விட்டுத் திரைத்த பன்னீர் போன்றவற்றில், அச்சத்தின் பெரும்பகுதி வடிநீரோடு வெளியேறிவிடுகிறது. புரதங்கள் தாமே இறுகப் பற்றிக்கொள்கின்றன. ஆதலின் பன்னீர் எத்துணை வாட்டினும் சிவக்குமேயன்றி உருகாது. எந்தக் கட்டியைச் சுட்டால் உருகும், எது உருகாமல் நிற்கும் என்பதை இடையரும் உழவரும் கற்றது ஏட்டினால் அன்று; பட்டறிவினாலேயாம்.

கேட்டோவின் பண்ணை

சுட்ட பாலாடைக்கட்டி உணவுக்கு அளவோடும் செய்முறையோடும் கிடைக்கும் பழஞ்சான்றுகளுள் தலையாயது உரோம நாட்டினது. மூத்த கேட்டோ (கி.மு. 234–149) என்னும் அரசியலறிஞர் உழவுத்தொழில் பற்றி எழுதிய நூல், முழுமையாகக் கிடைத்துள்ள இலத்தீன் உரைநடை நூல்களுள் மிகப் பழையது. அது கி.மு. 160 அளவில் எழுதப்பட்டது. அந்நூலில் 'சாவில்லும்' என்னும் பணியாரத்திற்கு அவர் செய்முறை கூறியுள்ளார்.

பாலாடைக்கட்டி இரண்டரை இராத்தல், மாவு அரை இராத்தல், தேன் கால் இராத்தல், முட்டை ஒன்று ஆகியவற்றைப் பிசைந்து, எண்ணெய் தடவிய மண்சட்டியில் இட்டு, மண்மூடியால் மூடிச் சுடவேண்டும் என்பது அவர் கூறும் முறை. உரோமரின் இராத்தல் ஏறத்தாழ 327 கிராம் ஆகும். அக்கணக்கில் 820 கிராம் பாலாடைக்கட்டிக்கு மாவு 160 கிராம் அளவே. எனவே இதனை மாப்பணியாரம் என்பதினும், சுட்ட பாலாடைக்கட்டி என்பதே பொருந்தும். நடுப்பகுதி ஆழமாயிருத்தலின் அவ்விடம் நன்கு வெந்ததா என்று பார்க்கவேண்டும் என்றும் அவர் எச்சரிக்கிறார். வெந்தபின் மேலே தேன் தடவிக் கசகசா தூவி, மீண்டும் சிறிது நேரம் மூடி வைத்து, சட்டியோடு கரண்டியும் இட்டுப் பரிமாற வேண்டுமாம். சுட்ட கலத்தோடு மேசைக்கு வந்து, பலரும் எடுத்துண்ணும் இற்றை விருந்துத் தட்டின் சாயல் இதில் தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் அதே நூலின் வேறு பகுதிகளையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். தம் பண்ணை அடிமைகளுக்கு எவ்வளவு உணவு அளக்கவேண்டும் என்று கேட்டோ அதில் கணக்கிட்டுக் கூறுகிறார். விலங்கிடப்பட்ட அடிமைக்குக் குளிர்காலத்தில் நாளொன்றுக்கு நான்கு இராத்தல் ரொட்டி. திராட்சைக் கொடிகளுக்குக் கொத்தும் வேலை தொடங்கியதும் ஐந்து இராத்தல். அத்திப்பழம் பழுக்கத் தொடங்கியதும் மீண்டும் நான்கு இராத்தல். அத்தி கிடைக்கும் காலத்தில் அடிமை அதனால் வயிற்றை நிரப்பிக்கொள்வான், ஆதலின் ரொட்டியில் ஓர் இராத்தலைக் குறைக்கலாம் என்பதே அக்கணக்கின் உட்பொருள். ரொட்டியோடு தொட்டுக்கொள்ள அவர் அளப்பன உதிர்ந்த ஒலிவக்காய், மீன் ஊறலின் வண்டல், புளிக்காடி, சிறிது எண்ணெய், உப்பு ஆகியவை. அப்பட்டியலில் பாலாடைக்கட்டி இல்லை. ஆட்டு மந்தையைக் குத்தகைக்கு விடும் இடத்திலோ, ஆடொன்றுக்கு ஒன்றரை இராத்தல் பாலாடைக்கட்டியைக் குத்தகைக்காரன் செலுத்தவேண்டும் என்று விதிக்கிறார்.

மந்தையிலிருந்து கட்டி உடைமையாளர் வீட்டுக்குப் போயிற்று. மரத்திலிருந்து அத்தி அடிமையின் ரொட்டிக்கு ஈடாயிற்று. பாலாடைக்கட்டியும் பழமும் ஒரே பண்ணையில் விளைந்தும் ஒரே தட்டில் சேரவில்லை.

பேரரசரும் ஆயரும்

பிரீப் பாலாடைக்கட்டியின் பெருமை பேசுவோர் பெரும்பாலும் பேரரசர் சார்லமேன் கதையைக் கூறுவர். கி.பி. 774-இல் பிரீ நாட்டு மடமொன்றில் அவர் அதனைச் சுவைத்து மகிழ்ந்தார் என்பது வழக்கிலுள்ள செய்தி. இதற்கு அடிப்படையாகக் காட்டப்படும் பழைய ஏடு, செயின்ட் கால் மடத்துத் துறவி நோட்கர் கி.பி. 880-களில் எழுதிய சார்லமேன் வரலாறாகும். பேரரசர் 814-இல் மறைந்தவர். ஆகவே அவர் மறைந்து எழுபது ஆண்டு கழிந்தபின் எழுதப்பட்ட நூல் அது. அதில் உள்ள கதை வருமாறு:

பயணத்தில் இருந்த பேரரசர், முன்னறிவிப்பின்றி ஓர் ஆயர் இல்லத்திற்கு வந்தார். அன்று புலால் விலக்கிய நாள். மீனும் உடனே கிடைக்காமையால் ஆயர் நல்ல பாலாடைக்கட்டியை வைத்தார். பேரரசர் பூசணம் படர்ந்த பகுதியைக் கத்தியால் அகற்றிவிட்டு வெண்பகுதியை மட்டும் உண்டார். அருகில் நின்ற ஆயர், அகற்றியதே மிகச் சுவையான பகுதி என்று பணிவோடு கூறினார். பேரரசர் அதனையும் வாயிலிட்டு, மென்று, உண்மையென ஒப்புக்கொண்டார். ஆண்டுதோறும் இரண்டு வண்டி நிறைய அதனை ஆகென் நகருக்கு அனுப்புமாறு ஆணையிட்டார். உள்ளே பூசணம் உள்ளது எது, இல்லாதது எது என்று வெளியிலிருந்து அறிவது எப்படி என ஆயர் கலங்க, ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டிப் பார்த்து, நல்லவற்றைக் குச்சியால் இணைத்து அனுப்புக என்றார் பேரரசர். ஆண்டுகள் சில ஆணைப்படி அனுப்பிய ஆயருக்கு நல்ல நிலமொன்று பரிசாகக் கிடைத்தது.

இக்கதையில் ஊர்ப்பெயர் இல்லை. கட்டியின் பெயரும் இல்லை. 774 என்னும் ஆண்டும் இல்லை. உள்ளே பூசணம் ஓடியதாகக் கூறப்படும் கட்டி, மேற்றோலில் மட்டும் பூசணம் படரும் பிரீயாக இருத்தல் அரிது. ஆகவே சார்லமேன் சுவைத்தது பிரீ என்பது பின்னாளார் ஏற்றிய பெருமையே. செவிவழிச் செய்தியையும் ஏட்டுச் சான்றையும் பிரித்தறியக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும்.

இன்னும் ஒன்று கருதற்பாலது. தமிழில் ஆயர் என்னும் சொல் ஆனிரை காப்பாரையும் குறிக்கும். கிறித்தவ சமயத் தலைவரையும் குறிக்கும். நோட்கர் கதையில் நிலப்பரிசு பெற்றவர் இரண்டாம் வகை ஆயர். அவ்விரண்டு வண்டிக் கட்டிகளையும் ஆண்டுதோறும் செய்தளித்த முதல்வகை ஆயர்க்கு அக்கதையில் ஒரு வரி இடமும் இல்லை.

உழவன் அறியலாகாத சுவை

இடைக்கால ஐரோப்பாவில் பாலாடைக்கட்டி பொதுவாக உழவரும் இடையரும் உண்ணும் உணவாகக் கருதப்பட்டது. செரிக்க அரிதென்று மருத்துவர் அதனை ஐயத்தோடு நோக்கினர். பின்னர் மெல்ல மெல்ல அதன் மதிப்பு உயர்ந்தது. 1477-இல் பந்தலியோனே என்னும் இத்தாலிய மருத்துவர், பாற்பொருள்களுக்கெனத் தனி நூலே வெளியிட்டார். அவர் காலத்தவரான பிளாத்தினா என்னும் அறிஞர், விருந்தின் முடிவில் முதிர்ந்த பாலாடைக்கட்டி சிறிது உண்டால் அஃது இரைப்பையின் வாயை மூடிச் செரிமானத்திற்குத் துணைபுரியும் என எழுதினார். இம்மருத்துவக் கொள்கை இன்று செல்லாது. எனினும் விருந்தின் கடைசியில் பாலாடைக்கட்டி பரிமாறும் ஐரோப்பிய வழக்கத்திற்கு அது வலிமை தந்தது. பழமும் அவ்விடத்திலேயே வந்தது. உரோமர் காலத்திலேயே, விருந்தின் தொடக்கமும் முடிவும் குறிக்க 'முட்டை முதல் ஆப்பிள் வரை' என்னும் தொடர் வழங்கிற்று.

பழங்களுள் பேரி தனிச்சிறப்பு உடையதாயிருந்தது. நன்கு பழுத்த பேரி மென்மையானது; விரைவில் அழுகுவது; வயிற்றை நிரப்ப உதவாதது. ஆகவே அது செல்வர் தோட்டத்துப் பழமாயிற்று. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் தோட்டத் தலைவர் லா கான்தினீ, 1678 முதல் 1683 வரை வெர்சேய் அரண்மனையருகே அமைத்த தோட்டத்தில் பேரி மரங்களுக்கே பெருஞ்சிறப்பு அளித்தார் என்பது இதனை விளக்கும்.

இந்நிலையில் இத்தாலி நாட்டில் ஒரு பழமொழி தோன்றியது. பாலாடைக்கட்டியைப் பேரியோடு உண்பது எத்துணை நன்று என்பதை உழவனுக்குத் தெரியவிடாதே என்பது அதன் கருத்து. இன்றும் இத்தாலியர் நகைச்சுவையாக இதனைக் கூறுவர். உணவு வரலாற்றறிஞர் மாசிமோ மொந்தனாரி இவ்வொரு பழமொழியையே பொருளாகக் கொண்டு, 2008-இல் ஒரு நூல் எழுதினார். உழவனின் உணவான கட்டி, உயர்குடியாரின் பழத்தோடு சேர்ந்ததால் உயர்குடி மேசைக்கு உரியதாயிற்று. அவ்வாறு உயர்ந்தபின், அச்சுவையை அறியும் உரிமை தமக்கே என்று மேலோர் கருதினர் என்பது அவர் காட்டும் விளக்கத்தின் சாரம்.

கறந்தவனும் உழவன்; காய்ச்சியவனும் உழவன்; பேரி மரத்திற்கு நீர் வார்த்தவனும் உழவன். அவனுக்குத் தெரியாமல் அவ்விரண்டையும் சேர்த்துண்ண ஒருவரால் இயலுமோ? இயலாது என்பதனாலேயே அப்பழமொழி பிறந்தது எனலாம். மறைக்க முடியாத ஒன்றை மறைக்க விழைந்த அச்சம் அதனுள் ஒளிந்திருக்கிறது.

வடபுலத்தார் வழக்கம்

மேசைக்கு உரியவர், தொழுவத்திற்கு உரியவர் என்னும் இப்பிரிவு எங்கும் ஒரே வகையாய் இருக்கவில்லை என்பதற்குப் பின்லாந்து நாட்டின் வடபகுதிகள் சான்றாகும். அங்கே 'லெய்பாயூஸ்தோ' என்றொரு பாலாடைக்கட்டி உண்டு. ரொட்டிப் பாலாடைக்கட்டி என்பது அப்பெயரின் பொருள். கன்றீன்ற பசுவின் சீம்பாலையும், பிற்காலத்தில் நொதியிட்டுத் திரைத்த பாலையும், தட்டையான வட்டாக்கிச் சுட்டு இதனைச் செய்தனர். பழைய நாளில் மரப்பலகைமேல் தட்டி, எரியும் தீக்கு எதிரே சாய்த்து வைத்து வாட்டுவர். மேற்புறம் ஆங்காங்கே கருகிச் சிவந்து, பார்வைக்கு ரொட்டி போலவே தோன்றும். சீம்பால் சூடேறிய அளவிலே தானே கட்டியாகும் என்பது மாடு வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களும் அறிந்த செய்தியே.

இக்கட்டி வாட்டினால் இளகுமேயன்றி ஓடாது. ஆதலின் காயவைத்து நெடுநாள் காக்கவும், வேண்டும்போது தீயருகே காட்டி மென்மையாக்கவும் ஏற்றதாயிற்று. சூடான காப்பியில் இதன் துண்டுகளை இட்டு உண்பதும் உண்டு. இதற்குச் சிறந்த துணையாக அவர்கள் கொண்டது, சதுப்பு நிலங்களில் கோடையில் பழுக்கும் பொன்னிறக் கிளவுட்பெரிப் பழத்தை. அதனைப் பாகாக்கிச் சூடான கட்டியின்மேல் இட்டு உண்பர். அப்பழத்தின் மீது அந்நாட்டார்க்கு உள்ள பற்றுக்கு, பின்லாந்து வெளியிட்ட 2 யூரோ நாணயத்தில் அதன் பூவும் கனியும் பொறிக்கப்பட்டிருப்பதே சான்று.

இங்கே பசு வளர்த்தவரே கட்டியைச் சுட்டனர், சதுப்பில் இறங்கிப் பழம் பறித்தவரே பாகு காய்ச்சினர், அவர்களே உண்டனர். சூடான சுட்ட பாலாடைக்கட்டியும் பழமும் ஒன்றாகச் சேரும் உணவை, அரண்மனையின் துணையின்றி, உழவர் வீட்டு அடுப்பே படைத்துக்கொண்டது.

பிரீ நாட்டு வட்டுகள்

பாரிசு நகருக்குக் கிழக்கே, சேன், மார்ன் என்னும் ஈராறுகளுக்கு இடைப்பட்ட வளநிலமே பிரீ. மோ, மெலான் என்னும் அங்குள்ள இரு நகரங்களின் பெயரால் இருவகைப் பாலாடைக்கட்டிகள் வழங்குகின்றன. மோ நகர்ப் பிரீயின் ஒரு வட்டுக்கு ஏறத்தாழ 25 லிட்டர் பால் வேண்டும். உறைந்த பாலைத் துளையிட்ட அகப்பையால் மெல்லிய அடுக்குகளாக அள்ளி அச்சில் இடுவர். வட்டின் குறுக்களவு 36 அல்லது 37 செண்டிமீட்டர். எடை மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. குறைந்தது நான்கு வாரம் முதிரவேண்டும். மேலே படரும் வெண்பூசணம் உள்ளீட்டை வெளியிலிருந்து நடுநோக்கி மெல்லக் கனியச் செய்யும்.

1814–1815-இல் நடந்த வியன்னா மாநாட்டில், நாட்டுத் தூதர்கள் தத்தம் நாட்டுக் கட்டியே சிறந்ததென வாதிட, பிரெஞ்சுப் பேராளர் தாலிராந்து வரவழைத்த பிரீயே கட்டிகளின் அரசென முடிசூட்டப்பட்டது என்றொரு கதை உண்டு. சார்லமேன் கதையைப் போலவே இதனையும் விருந்துமேசைக் கதையாகக் கொள்வதே தகும். பிரீயின் புகழை உண்மையிற் பரப்பியது மன்னரோ தூதரோ அல்லர். அருகிலிருந்த பாரிசுச் சந்தையும் புகைவண்டியுமே. 1849-இல் பாரிசிலிருந்து மோ நகருக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. எளிதில் நசுங்கும் மென்கட்டி விரைந்து சந்தை சேர அது வழி செய்தது. நார்மண்டியின் கமம்பேர்க் கட்டிக்கு 1890 அளவில் வந்த மெல்லிய மரப்பெட்டியும் இவ்வாறே மென்கட்டிகளைத் தொலைநாடுகளுக்கு அனுப்ப உதவிற்று. பிற்காலத்தில் அப்பெட்டியோடே சூட்டடுப்பில் வைத்துக் கமம்பேரைச் சுட்டுண்ணும் பழக்கமும் ஏற்பட்டது.

1980-இல் மோ, மெலான் இரண்டின் பிரீக்கும் பிரெஞ்சு அரசு பிறப்பிடக் காப்புரிமை வழங்கியது. ஆனால் 'பிரீ' என்னும் தனிச்சொல்லுக்கு அக்காப்பு இல்லை. எந்நாட்டாரும் அப்பெயரால் கட்டி செய்து விற்கலாம். பெயர் உலகெங்கும் சென்றது; அதனைப் பெற்றெடுத்த ஊரும் கைகளும் பெயரோடு உடன் செல்லவில்லை.

அமெரிக்க விருந்தில்

அமெரிக்காவில் 1949-இல் வகுக்கப்பட்ட விதிப்படி, காய்ச்சாத பாலிற் செய்த பாலாடைக்கட்டி குறைந்தது 60 நாள் முதிர்ந்திருக்க வேண்டும். மோ நகர்ப் பிரீயோ அதற்கு முன்பே உண்ணும் பதம் அடைவது. எனவே கிருமி நீங்கச் சூடாக்கிய பாலிற் செய்த பிரீயே அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அது சுவையில் மென்மையானது, மணத்தில் அடங்கியது. தேனும் பழமும் கொட்டையும் சேர்த்துச் சுடுவதற்கு அவ்வடக்கமே ஏற்றதாயிற்று. 1970-களிலும் 1980-களிலும் பிரெஞ்சு உணவுப் பற்று அந்நாட்டு நடுத்தரக் குடும்பங்களிற் பரவியபோது, சுட்ட பிரீ விருந்துமேசையின் அடையாளமாயிற்று. பஃப் மாவில் பொதிந்து சுடும் முறையும் அக்காலத்தில் பெருவழக்காயிற்று.

இங்கே இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது, ஐரோப்பாவில் விருந்தின் முடிவில் வந்த பாலாடைக்கட்டியும் பழமும் விருந்தின் தொடக்கத்திற்கு வந்தன. இருக்கையில் அமர்ந்து முறைப்படி உண்பதற்கு முன், நின்றுகொண்டே சிறுதீனி கொறித்து உரையாடும் அமெரிக்க வழக்கம் இதற்குக் காரணம். இரண்டாவது, பேரியின் இடத்தை அந்நாட்டுப் பழமான கிரான்பெரி பெற்றது. அப்பழம் வட அமெரிக்கப் பழங்குடியினர் நெடுங்காலமாக அறிந்து உண்டது. 1816-இல் மாசசூசெட்சு மாநிலத்தின் டென்னிசு என்னும் ஊரில், ஹென்றி ஹால் என்பவர், மணல் படிந்த இடத்துக் கொடிகள் செழித்ததைக் கண்டு அதனைப் பயிராக்கத் தொடங்கினார். செப்டம்பர் முதல் நவம்பர் வரை அதன் அறுவடைக் காலம். அதிபர் லிங்கன் 1863-இல் நாடு முழுமைக்கும் அறிவித்த நன்றியறிதல் நாள் நவம்பரிலேயே வருதலின், அப்பழம் விருந்துக் காலத்தோடு பிரிக்க இயலாததாயிற்று.

செய்யும் முறை

இவ்வுணவு செய்தற்கு எளிது. 200 அல்லது 250 கிராம் எடையுள்ள சிறு பிரீ வட்டையோ கமம்பேர் வட்டையோ, தோலை நீக்காமல், சிறு மண்கலத்தில் அல்லது கண்ணாடிக் கலத்தில் வைக்கவேண்டும். தோல் உண்ணத்தக்கதே; உருகும் உள்ளீட்டைத் தாங்கும் கலமும் அதுவே. சூட்டடுப்பு 180 பாகை செல்சியசு வெப்பமுற்றபின், 12 முதல் 15 நிமிடம் வைத்தால் போதும். விரலால் மேலே மெல்ல அழுத்தினால் உள்ளே தளர்ந்து அசையவேண்டும். மிகுதியாகச் சுட்டால் தோல் வெடித்துக் கொழுப்புப் பிரியும்.

கிரான்பெரியைச் சர்க்கரையும் ஆரஞ்சுச் சாறும் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால், பழம் வெடித்துப் பாகாகும். அது கிட்டாத இடத்தில் அத்தி, பேரி, ஆப்பிள் ஆகியவற்றுள் ஒன்றைத் தேனில் வதக்கிக் கொள்ளலாம். பழத்தின் புளிப்பு கொழுப்பின் திகட்டலைத் தணிக்கும். இனிப்பு உப்பை எடுத்துக்காட்டும். சுட்ட கட்டியை ஐந்து நிமிடம் ஆறவிட்டு, மேலே பழத்தை இட்டு, உடைத்த வாதுமையோ வால்நட்டோ தூவி, வறுத்த ரொட்டித் துண்டுகளோடு உடனே பரிமாறவேண்டும். ஆறிப்போனால் கட்டி மீண்டும் இறுகிவிடும். கருவுற்ற மகளிர் பூசணத்தோல் உடைய மென்கட்டிகளைச் சூடேற்றாது உண்ணலாகாது. உள்ளே முழுதும் ஆவி பறக்கும் அளவு வெந்ததையே உண்ணவேண்டும். அத்தகைய கட்டிகளில் லிஸ்டீரியா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும் என்பதே காரணம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படும். சுட்ட பிரீ என்னும் விருந்துத் தட்டு, வழக்கில் கூறப்படும் பேரரசர்களின் கொடை அன்று. அதற்கு ஐம்பது ஆண்டுக்குச் சற்றே மேற்பட்ட வயதுதான். ஆயின் அதன் வேர்கள் கேட்டோவின் மண்சட்டியிலும், பின்லாந்து உழவரின் தீயெதிர்ப் பலகையிலும், இத்தாலியரின் பேரிப் பழமொழியிலும் ஓடியுள்ளன. அவ்வேர்களுள் பேரரசர் பெயர் பூண்டவை எளிதில் நினைக்கப்பட்டன. பெயரற்ற கைகளின் உழைப்பு ஏடுகளின் ஓரத்தில், குத்தகைக் கணக்கிலும் கூலி ரொட்டியின் அளவிலும் மட்டுமே எஞ்சியது.

உழவனுக்குத் தெரியலாகாது என்று ஒரு காலத்தில் கூறப்பட்ட சுவை, இன்று கடைத்தெருவில் எவரும் வாங்கத்தக்க பொருளாகிவிட்டது. பழமொழி தோற்றது நன்றே. ஆயினும் கட்டியின் உறைமேல் ஊர்ப்பெயர் இருந்தும் கறந்தவர் பெயர் இல்லாமை இன்றும் தொடர்கிறது. விருந்தினர் சூழ நின்று ஒரே தட்டிலிருந்து வழித்துண்ணும் வேளையில், வீட்டார் சார்லமேன் கதையைச் சொல்லி மகிழ்வதில் தவறில்லை. அதனோடு, அத்தி பழுத்த நாளில் ரொட்டியில் ஓர் இராத்தல் இழந்த அடிமையின் செய்தியையும், இரண்டு வண்டிக் கட்டிகளை ஆண்டுதோறும் செய்துகொடுத்துப் பெயரின்றி மறைந்த இடையர் செய்தியையும் சொல்வாராயின், அத்தட்டின் வரலாறு முழுமை பெறும்.